மஞ்சள் வெளிச்சம்: பனிமூட்டத்து ரோட்டின் ஒரு சிறு வரலாறு

ஒரு ஜோடி ஃபொக் லைட் வாங்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. வரலாறு எழுதவேண்டும் என்று நாங்கள் உட்காரவில்லை.

போன வருஷம் ஜூலை மாதம், தென்மேல் பருவமழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த நேரம். பொகவந்தலாவைப் பக்கம், ராத்திரி பதினொன்றரை மணி. மேல்டிவிசனிலிருந்து போன். "அண்ணே, தங்கச்சிக்கு வலி வந்திருச்சு. வண்டி இருக்கா?"

வண்டி இருந்தது. தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்த பழைய பஜேரோ. எங்களில் நாலு பேர் பங்குபோட்டு வாங்கியது. சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக்கு ஹயர் ஓடும். மற்ற நாட்களில் ஹோர்ட்டன் சமவெளி பார்க்க வருகிறவர்களை ஏற்றும். ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் தோட்டத்துக்கு அதுதான் ஆம்புலன்ஸ். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய வண்டி வரும், அது பெரிய உதவிதான். ஆனால் தார் ரோட்டில் இருந்து லயத்துக்கு ஏறும் கல்லு ரோட்டில் எல்லா வண்டியும் ஏறாது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வண்டியின் கூரையில் நீளமான வெள்ளை எல்.ஈ.டி. பார் ஒன்றைப் பூட்டியிருந்தோம். "இதப் போட்டா பகல் மாதிரி இருக்கும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னார். பொய் சொல்லவில்லை. தெளிவான ராத்திரியில் பகல் மாதிரியே இருந்தது. அன்றைக்கு மூன்றாவது முடக்கில் பனி இறங்கியது. சுவிட்சைப் போட்டோம். கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியது. பொனட் கூடத் தெரியவில்லை. அணைத்தால் கறுப்பு, போட்டால் வெள்ளை. இரண்டிலும் ரோடு இல்லை.

கடைசியில் தங்கச்சியின் புருஷன் கீழே இறங்கினார். கைப்போன் டோர்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருடைய சாரத்தின் விளிம்பையும் செருப்பையும் பார்த்துக்கொண்டே நாங்கள் பின்னால் உருட்டினோம். பதினொரு கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணித்தியாலம். ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பத்து நிமிஷத்தில் பிள்ளை பிறந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அடுத்த நாள், முப்பது வருஷம் கொழுந்து லொறி ஓட்டிய எங்கள் தாத்தா ஒருவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெளிச்சம் கூடினா பனி கூடும் தம்பி. இது தெரியாம வண்டி வாங்கிட்டீங்களா?"

அந்தக் கேள்விதான் எங்களைத் துரத்தியது. இந்த ரோட்டில் தலைமுறை தலைமுறையாகப் போகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது? விளக்கு தேடிப் போனோம். விளக்கோடு சேர்த்து, இந்த ரோட்டில் யாரிடம் எப்போது வெளிச்சம் இருந்தது என்ற கதையும் கிடைத்தது.

பனி என்கிறோம், மேகம் அது

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம். நாங்கள் "பனி" என்று சொல்வது பெரும்பாலும் மேகம். மே முதல் செப்டம்பர் வரை கடலில் இருந்து வரும் ஈரக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் சரிவுகளில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து நீர்த்துளிகளாகிறது. கீழே நின்று பார்க்கிறவருக்கு அது மலையில் உட்கார்ந்த மேகம். உள்ளே நிற்கிற நமக்கு மூடுபனி. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேகம் மிதக்கும் உயரத்தில்தான் நாம் வீடு கட்டி, பிள்ளை பெற்று, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறோம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாப் பள்ளத்தில் தேங்குகிற பனி வேறு ஜாதி. அது இரவில் தரை குளிர்ந்து உண்டாவது, வெயில் ஏறினால் கலைந்துவிடும். மழைக்காலத்து மேகப் பனிக்கு நேரங்காலம் கிடையாது. ஒரு முடக்கில் இருக்கும், அடுத்த முடக்கில் இருக்காது.

அந்தத் துளி ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடி மணி. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். அதில் பட்ட வெளிச்சம் நாலு பக்கமும் சிதறும், ஒரு பகுதி நம் கண்ணுக்கே திரும்பி வரும். விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில், அதாவது கூரையில், இருந்தால் திரும்பி வருவதும் நேராகக் கண்ணில் விழும். எங்கள் வெள்ளைச் சுவர் அப்படி எழும்பியதுதான். தாத்தா ஒரு வரியில் சொன்னதற்கு விஞ்ஞானம் இவ்வளவுதான்.

விளக்கில்லாமல் வந்தவர்கள்

இந்த மலைக்கு ரோடு வந்தது நமக்காக இல்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி ரோடு வெட்டப்பட்டது. முதலில் படைக்காக, பிறகு கோப்பிக்காக. கண்டிக்கு மேலே றம்பொடைக் கணவாய் ஏறி நுவரெலியா போகும் வழி அன்றைக்கே பேர் பெற்றது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1855இல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு விபத்தைச் சொல்கிறார். அவருடைய குதிரைக்காரன் பெர்க்ஸ், புத்தம்புது வண்டியைக் குதிரைகளோடு றம்பொடைக் கணவாயில் பள்ளத்தில் தள்ளிவிட்டான். அதை மீட்க அனுப்பிய யானையையும் அவனே ஓட்டித் துரத்திச் சாகடித்தான். இதற்குப் பனியைக் குற்றம் சொல்ல முடியாது. பேக்கரின் கதைப்படி காரணம் சாராயம். ஆனாலும் கவனியுங்கள்: றம்பொடையில் விழுந்த ஒரு துரையின் வண்டிக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. குதிரைக்காரனின் பெயரும் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம் ஆட்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களிடம் என்ன விளக்கு இருந்திருக்கும்? கங்காணி கையில் ஒரு தீப்பந்தம், மற்றவர்களுக்கு முன்னால் போகிறவரின் முதுகு. ஜூலை ராத்திரியில் ஒரு மனிதனின் செருப்பைப் பார்த்து வண்டி உருட்டிய எங்களுக்கு, அந்த நடையை முதன்முதலாக உடம்பால் விளங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. 2023இல், மலையகம் 200 ஐ நினைத்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை பலர் திரும்பவும் நடந்தார்கள். அந்த நடையின் பொருளும் அதுதான்: பெயர் இல்லாமல் போனவர்களின் வழியைக் காலால் எழுதிப் பார்ப்பது.

பிறகு ரயில். 1867இல் கண்டிக்கு வந்தது, 1874இல் நாவலப்பிட்டிக்கு, 1884இல் ஹட்டனுக்கு, 1885இல் நானுஓயாவுக்கு. 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தெரியத் தொடங்கி, ரயில் ஹட்டனைத் தொடுவதற்குள் கோப்பி ஏறக்குறைய செத்தே போனது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலைதான் அந்த ரயிலுக்குச் சரக்கு கொடுத்தது. தண்டவாளம் இருந்தால் பனியில் வழி தவறாது. ரோட்டில் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. ரோட்டுக்கு விளக்கு வேண்டும்.

துரையின் விளக்கு

முதல் மோட்டார் கார்கள் வந்த காலத்தில் அவற்றின் விளக்கு காபைட் விளக்கு. கல்சியம் காபைட்டில் தண்ணீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு கிளம்பும், அதைக் கொளுத்தினால் நல்ல வெள்ளை வெளிச்சம். 1910களில் மின்விளக்கு வந்தது. பர்மிங்ஹாமின் ஜோசப் லூக்கஸ் கம்பனி சைக்கிள் விளக்கில் இருந்து மோட்டார் விளக்குக்கு வந்தது. பிரிட்டிஷ் கார் ஓடிய இடமெல்லாம் லூக்கஸ் பெயரும் போனது. பனிக்கென்று தனி விளக்கு 1930களில் ஐரோப்பாவில் பரவியது: பம்பருக்குக் கீழே பதிந்த, அகலமாக வீசுகிற, மேல் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் நிற்கிற வெளிச்சம். பனிக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் புகுந்து ரோட்டின் ஓரத்தைக் காட்டவேண்டும் என்பதுதான் யோசனை. தூரத்தைக் காட்டுவது அதன் வேலை இல்லை.

மஞ்சள் நிறத்தின் கதை பிரான்சில் இருந்து வருகிறது. 1930களின் பின்பாதியில் அங்கே எல்லா வாகனங்களின் முன்விளக்கும் மஞ்சளாக இருக்கவேண்டும் என்று சட்டம் வந்து, 1993 வரை நின்றது. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சளின் உதவி நம் கண்ணுக்குள் இருக்கிறது. நீல ஒளியை வடித்துவிட்டால் கூச்சம் குறைகிறது, நீண்ட நேரம் பார்க்கிற கண்ணுக்குக் களைப்பும் குறைவு என்று பல ஓட்டுநர்கள் உணர்கிறார்கள்.

பனியில் விளக்கு தோற்ற இடம் நம் மலை மட்டுமில்லை. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகைப்பனி மூடியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அப்போது லண்டனில் கண்டக்டர்கள் பந்தம் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்தார்கள். உலகத்தின் பணக்கார நகரத்திலும் கடைசி ஃபொக் லைட் ஒரு மனிதன்தான்.

1948ஐ இரண்டு விதமாக நினைவில் வைக்கலாம். அந்த வருஷம் ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. சேற்றிலும் சரிவிலும் ஏறும் அந்த வண்டி துரைமாரின் மலைகளுக்கு ஏற்றதாகவே பிறந்த மாதிரி இருந்தது. அதே வருஷம் நிறைவேறிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. ரோட்டை வெட்டியவர்களுக்கு நாடு இல்லை, அதில் ஓடுகிற வண்டியும் இல்லை.

கொழுந்து லொறி

எங்கள் லொறித் தாத்தாவிடம் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து கேட்டோம். தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசின் கைக்குப் போன காலத்தில் அவர் கிளீனராகச் சேர்ந்தவர்.

"அப்ப ஏது ஃபொக் லைட்டு? மஞ்சள் ஸெலோபேன் தாள் இருக்கே, வெசாக்குக்குக் கூடு கட்டுறது, அத வாங்கி ஹெட்லைட்டுல ஒட்டுவோம். மழையில ரெண்டு நாளுல உரிஞ்சிரும். திரும்ப ஒட்டுவோம். டிம்முலதான் போடணும். பிறைட்ட போட்டா செத்தோம்."

பனி இறுகினால் கிளீனர் இறங்கி நடப்பார். கையில் டோர்ச், சில நாள் வெறும் வெள்ளைச் சாக்கு. சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தால் லொறியின் டிம் வெளிச்சத்தில் தெரியும். அந்த லொறியில் பகலில் கொழுந்து, ராத்திரியில் நோயாளி. பிரசவ வலியில் துடிக்கிறவரைக் கொழுந்துச் சாக்கின் மேல் படுக்கவைத்துக் கொண்டுபோன கதை இல்லாத தோட்டம் மலையகத்தில் இல்லை.

தாத்தா இன்னொன்றும் சொன்னார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகவேண்டியவர்களை விடியற்காலையில் ஹட்டன் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனதும் அதே லொறிதான். ட்ரங்குப் பெட்டி, அம்மி, பாயில் சுற்றிய சட்டி பானை. தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமானுஜம் கப்பல். "எங்க பெரியண்ணன் குடும்பம் போன அன்னிக்கு நான்தான் சாக்கப் போட்டுக்கிட்டு முன்னுக்கு நடந்தேன். பனியில பின்னால திரும்பிப் பாத்தா லொறி தெரியல, லைட்டு ரெண்டும் மஞ்சளாத் தெரியுது. அழுகிற சத்தம் மட்டும் கேக்குது. அதுக்குப் பொறகு அண்ணன நான் பாக்கல."

நாங்கள் ஃபொக் லைட்டைப் பற்றிக் கேட்கப் போனோம். இதைக் கேட்டுவிட்டு வந்தோம்.

சட்டத்துக்கு வெளியே கிடந்த ரோடு

கூரையில் வெள்ளை பார் பூட்டியது எங்கள் மடமை. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தப் பதினொரு கிலோமீட்டரில் ஏழு கிலோமீட்டர் தோட்ட ரோடு. ஓரத்தில் வெள்ளைக்கோடு இல்லை, முடக்கில் ஒளிதிருப்பும் கட்டை இல்லை, பள்ளத்துப் பக்கம் தடுப்பு இல்லை. பிரதான வீதியில் ஏறியதும் கோடு தெரிந்தது, எங்களுக்கும் உயிர் வந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

தோட்ட ரோடு தோட்டத்தின் சொத்து. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் கிராமங்களுக்குச் செலவழிக்கச் சபைகளுக்கு வழி செய்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவழிக்க அதே சட்டம் தடையாக இருந்தது. நாம் வாக்குப் போட்டோம், நம் ஆட்கள் உறுப்பினர்களாகவும் ஆனார்கள், ஆனாலும் லயத்து ரோட்டுக்கு ஒரு பீப்பாய் தார் ஊற்றச் சட்டத்தில் இடமில்லை. 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனது. கம்பனிக்கு ரோடு என்றால் கொழுந்து ஸ்டோருக்கு வரும் வழி. பகலில் கொழுந்து வந்தால் போதும். ராத்திரியில் அதில் யார் போகிறார்கள் என்பது கணக்கில் இல்லை.

2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. கதவு திறந்தது உண்மை, ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் ரோடு மாறவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: தோட்டத்து வண்டியில் பூட்டுகிற ஃபொக் லைட் பாதி ஆடம்பரம்கூட இல்லை. பொது வேலையாக இருக்கவேண்டிய வெளிச்சத்தை நம் கைக்காசில் சுமந்துகொண்டு போகிறோம்.

பஞ்சிகாவத்தையில் ஒரு நாள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருஷம் இந்த நாடு பழைய வண்டியைப் பழைய சாமானால் உயிரோடு வைத்திருந்தது. அதனால் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் ஒரு அருங்காட்சியகம் மாதிரி ஆகிவிட்டன. ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம். அங்கே கற்றதை வரிசையாகச் சொல்கிறோம், உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் எழுத்தைப் பார்க்கவேண்டும். கண்ணாடியில் வட்டத்துக்குள் பெரிய ஈ எழுத்தும் ஓர் இலக்கமும் இருந்தால் அது ஐ.நா. வாகன விதிகளின்படி அங்கீகரித்த விளக்கு. இலக்கம் அங்கீகாரம் கொடுத்த நாட்டைச் சொல்லும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 43 ஜப்பான். பக்கத்தில் ஆங்கில பி எழுத்து இருந்தால் முன்பக்க ஃபொக் லைட். புதிய வகையில் எஃப் 3 என்று இருக்கும். இந்த எழுத்து எதுவும் இல்லாமல் "ஃபொக்" என்று பெட்டியில் மட்டும் அச்சடித்த விளக்கு பெரும்பாலும் வெறும் ஸ்பொட் லைட்தான். எழுத்தையும் போலியாக அச்சடிக்கிறார்கள், அதனால் கடையிலேயே எரியவைத்துச் சுவரில் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு நேர்கோடாக வெட்டுப்பட்டு நிற்கவேண்டும். மேலே புகை மாதிரிக் கசிந்தால் வேண்டாம்.

இரண்டாவது, ஹலஜனா எல்.ஈ.டி.யா? ஹலஜன் பல்ப் வாகனத்துக்கு வந்தது 1962இல். 55 வாட் எடுக்கும், சூடாகும், சீக்கிரம் போகும். எங்கள் மழைக்கு அந்தச் சூடு ஒரு நன்மை, கண்ணாடியில் படியும் ஈரத்தைக் காயவைக்கும். எல்.ஈ.டி. கரண்ட் குறைவாக எடுக்கும், நீண்ட காலம் உழைக்கும். எல்.ஈ.டி.க்கென்றே செய்த நல்ல ஃபொக் லைட் இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். செய்யக்கூடாதது ஒன்று: ஹலஜனுக்குச் செய்த கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்பைச் சொருகுவது. இழை இருக்கவேண்டிய இடத்தில் ஒளி இருக்காது, வெட்டு விளிம்பு கலைந்துபோகும், எதிரே வருகிற ஓட்டோக்காரரின் கண் போகும்.

மூன்றாவது நிறம். பெட்டியில் 6000 கே என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 கே என்றால் மஞ்சள். மேலே சொன்ன காரணத்துக்காக நாங்கள் மஞ்சள் எடுத்தோம். வெள்ளை எடுத்தால் குடி மூழ்காது. எங்கே பூட்டுகிறீர்கள் என்பதுதான் நிறத்தைவிட முக்கியம்.

நாலாவது இடம். ஐ.நா. விதிப்படி காருக்கு ஃபொக் லைட் தரையில் இருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, 80 சென்டிமீட்டருக்கு மேலே போகக்கூடாது. உயரமான ஜீப் வண்டியில் பம்பருக்குக் கீழேதான் இது சரிவரும். கூரையிலும் புல்பாரின் உச்சியிலும் பூட்டுவது படம் எடுக்க நல்லது.

ஐந்தாவது வயர். 55 வாட் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 அம்பியருக்கு மேல். அதை டேஷ்போர்ட் சுவிட்ச் வழியாக நேரே இழுத்தால் வயர் உருகும். பெட்டரியில் இருந்து 15 அம்பியர் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு விளக்கு. சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

ஆறாவது, யாரும் கேட்காதது: பின்னால் ஒரு சிவப்பு ஃபொக் லைட். ஐரோப்பிய வண்டியில் கட்டாயம், ஜப்பானில் இருந்து வரும் பல வண்டியில் இருக்காது. பனியில் நாம் பார்ப்பது பாதி, நம்மை ஒருவர் பார்ப்பது மீதி. பின்னால் வருகிற தண்ணீர் பவுசருக்கு உங்கள் சாதாரண வால் லைட் தெரியாது.

நாங்கள் வாங்கியது எழுத்து உள்ள, மஞ்சள் கண்ணாடி, பாவித்த ஹலஜன் ஜோடி. அப்போதிருந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் இரண்டு வாரப் பேரு. வீட்டில் அம்மா அப்படித்தான் கணக்குப் பார்த்தார். "பதினாலு நாள் மலையேறின காசுடா அது, ஒழுங்காப் பூட்டுங்க" என்றார்.

ஒழுங்காகத்தான் பூட்டினோம். கொழுந்து மடுவத்துச் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே கரியால் ஒரு கோடு இழுத்தோம். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் உட்காரும்வரை திருகாணியைத் திருப்பினோம். தாத்தா பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் தணி, தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

விளக்கு செய்யாத வேலை

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றை மறைக்கக்கூடாது. மலையகத்தின் பெரிய விபத்துகளை ஃபொக் லைட் தடுத்திருக்காது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்கு ரோட்டில் மாணவர்கள் வந்த பஸ் ஒரு வேனையும் ஓட்டோவையும் மோதி ஏழு பேர் செத்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியலில் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பிரேக், சரிவு, களைப்பு, அளவுக்கு மீறிய பயணிகள், தடுப்பில்லாத ஓரம். இவற்றுக்கு முன்னால் எந்த நிற வெளிச்சமும் பதில் இல்லை.

விளக்கு வேகத்தையும் குறைக்காது. ஈர ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காலை பிரேக்கில் வைத்து நிற்பதற்குள் ஏறத்தாழ 45 மீட்டர் போய்விடும். 30இல் போனால் 20 மீட்டர் சொச்சம். ஃபொக் லைட் உங்களுக்கு 20 மீட்டர் காட்டினால், 30க்கு மேலே போக அது அனுமதி தரவில்லை. விளக்கு வாங்கியபிறகு வேகம் கூடினால் பழைய ஸெலோபேன் தாளே மேல்.

2025 ஜனவரியில், 'க்ளீன் ஸ்ரீ லங்கா' வேலைத்திட்டம் தொடங்கிய நாட்களில், வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டிய சாமான்களையும் விளக்குகளையும் கழற்றச்சொல்லிப் பொலிஸ் சோதனை நடந்தது. பஸ், ஓட்டோ சங்கங்கள் எதிர்த்தன, பிறகு அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் கூட்டத்துக்குள்ளேயே சண்டை. "ஏழை ஓட்டோக்காரனோட லைட்ட ஏன் கழட்டணும்?" என்று ஒருவர். "கண்ணைப் பறிக்கிற லைட்ட யார் போட்டாலும் கழட்டத்தான் வேணும்" என்று இன்னொருவர். இரண்டு பேரும் சரி. கண்ணைப் பறிக்கும் விளக்கு போகட்டும். பனி விழும் ரோட்டில் கோடும் கட்டையும் போடுகிற பொறுப்பையும் அதே கண்டிப்போடு அரசும் கம்பனியும் ஏற்கட்டும்.

போன மாதம் பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதினோம். ஏழு கிலோமீட்டரில் எந்தெந்த முடக்கில் என்ன வேண்டும் என்று நடந்து எண்ணினோம்: மொத்தம் இருபத்துமூன்று முடக்கு. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளத்துப் பக்கக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். மழையில் கரையும், திரும்ப அடிக்கவேண்டும். ஸெலோபேன் ஒட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது புது வேலை இல்லை.

சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு ராத்திரியே பனி இறங்கியது. வண்டியை எடுத்துக்கொண்டு மேல்டிவிசன் வரை ஒரு சுற்று போனோம். முன்னால் அகலமாக, தரையோடு ஒட்டி, மஞ்சள் வெளிச்சம். இருபது மீட்டருக்கு ரோடு. ஓரத்தில் ஒவ்வொன்றாக வெள்ளைக் கல். பின்சீட்டில் தாத்தா இருந்தார், ஒன்றும் பேசவில்லை. எட்டாவது முடக்கில் மட்டும் சொன்னார்: "இப்ப யாரும் எறங்கி நடக்க வேண்டியதில்ல."